அத்தியாயம் 9: பழைய கேமராவின் படத்தை மறுபடி கழுவுதல்

நெய்வேலியில் இனி எடுக்கவே முடியாத படங்கள் சில உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது டவுன்ஷிப்பின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதற்கு முன்பு சாலைகளை மூடியிருந்த அந்த நிழலை இன்று எவ்வளவு விலை உயர்ந்த கேமராவை வைத்துக்கொண்டும் படமாக்க முடியாது. சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் நிறுத்தப்பட்டது. அதன் புகைபோக்கிகளில் புகை எழுந்த காட்சியும் அத்தோடு முடிந்தது. ஃபிலிமில் எடுத்தவை போக, இவற்றில் பல மிச்சமிருப்பது 2003-க்கும் 2011-க்கும் இடையில் வாங்கிய 6, 8, 10 மெகாபிக்சல் கேமராக்களின் ஃபைல்களில்தான். பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் சென்னைக்கும் குடிபோனவர்களின் பெட்டிகளோடு அந்த ஃபைல்களை எழுதிவைத்த சிடிகளும் ஊரைவிட்டுப் போயிருக்கின்றன.

அப்படி ஒரு சிடி உங்கள் வீட்டில் இருந்தால் இந்த அத்தியாயம் முதலில் உங்களுக்கானது. அந்தக் கேமராவே இன்னும் பீரோவில் இருந்தால் பிற்பகுதியும் உங்களுக்கானது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அந்தக் காலத்து மென்பொருளால் வெளியே எடுக்க முடிந்ததைவிட அதிகமாகவே அந்தக் கேமராக்கள் பதிந்து வைத்தன. மிச்சத்தை இன்றைய மென்பொருள் எடுத்துத் தரும். பதியாமல் போனதை எந்த மென்பொருளும் தராது. தருவதுபோலக் காட்டினால் அது கற்பனை. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலையில் பாதி.

ரா ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

நிக்கான் டி70 கேமராவை எடுத்துக்கொள்வோம். 2004-இல் வந்தது, 6 மெகாபிக்சல், சிசிடி சென்சார். அதற்கு ஓராண்டு முன்பு வந்த கேனன் 300டியும் ஏறக்குறைய அதே அளவு. அதில் சீமாஸ் சென்சார். இரண்டிலும் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது: சிவப்பு, அல்லது பச்சை, அல்லது நீலம். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற கட்டம் அது. பெரும்பாலான கேமராக்கள் இன்றும் அதையேதான் பயன்படுத்துகின்றன. ஒரு பிக்சலில் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இந்தக் கணக்குக்குப் பெயர் டிமொசைக்கிங்.

ஜேபெக்காக எடுத்திருந்தால், கேமராவுக்குள் இருந்த சின்ன சிப் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்து, மூலத்தை எறிந்துவிட்டது. ராவாக எடுத்திருந்தால் மூலம் அப்படியே இருக்கிறது. அதைப் புதிய கணக்கில் மறுபடி போடலாம். சென்சார் அளந்தது 12 பிட்டில். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். டெவலப் செய்வதை ஸ்டுடியோக்காரர்கள் ஃபிலிமைக் கழுவுவது என்பார்கள். ஃபிலிமை ஒருமுறைதான் கழுவ முடியும். ரா ஃபைலை எத்தனை முறையும் கழுவலாம், ஒவ்வொரு முறையும் மேலான மருந்தில்.

ஆகவே முதல் வேலை, சிடிகளில் ஜேபெக்கோடு கூடவே ரா இருக்கிறதா என்று தேடுவது. நிக்கானில் என்இஎஃப், பழைய கேனனில் சிஆர்டபிள்யூ, அதற்குப் பிந்தையதில் சிஆர்2 என்று ஃபைல் பெயர் முடியும். அன்றைய கணினியில் திறக்கவில்லை என்பதாலேயே கவனிக்கப்படாமல் கிடக்கும் ஃபைல்கள் இவை. இன்று எல்லா முக்கிய மென்பொருளும் இவற்றைத் திறக்கும்.

எந்த மென்பொருள்

காசு செலவழிக்கும் முன் டார்க்டேபிள், ராதெரபி இரண்டில் ஒன்றை இறக்கிப் பாருங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் விண்டோஸில் ஓடும். பழைய கேமராவுக்கு என்றால் என் தேர்வு ராதெரபி. காரணம், டிமொசைக்கிங் முறையை நாமே தேர்ந்தெடுக்கலாம். பகல் வெளிச்சத்தில், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்துக்கு அமேஸ் அல்லது ஆர்சிடி. இரவில் ஐஎஸ்ஓ 800, 1600 வைத்து எடுத்த, நாய்ஸ் நிறைந்த படத்துக்கு எல்எம்எம்எஸ்இ அல்லது ஐஜிவி. மாற்றி மாற்றிப் போட்டு, படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓர் இலையோரத்தைப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து அதில் கேப்சர் ஷார்ப்பனிங் என்றொரு வசதியும் இருக்கிறது. லென்ஸும் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டியும் ஏற்படுத்திய மங்கலை அது சரிசெய்கிறது. பழைய 6 மெகாபிக்சல் படத்துக்கு இது ஒன்றே பெரிய லாபம்.

லைட்ரூம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2007-லிருந்து சேர்த்து வந்த பழைய கேட்டலாகைப் புதிய லைட்ரூமில் திறந்தாலும், அன்று திருத்திய படங்கள் பழைய ப்ராசஸ் வெர்ஷனிலேயே நிற்கும். டெவலப் பகுதியின் காலிப்ரேஷன் பெட்டியில் அதை இன்றைய பதிப்புக்கு மாற்றுங்கள். 2012 பதிப்போடு ஹைலைட், ஷேடோ கணக்குகள் அடியோடு மாறின. வானத்தில் தொலைந்துபோனதாக நினைத்த மேகம் பல படங்களில் திரும்பி வரும். 2021-இல் அடோபி சேர்த்த சூப்பர் ரெசல்யூஷன் நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கும்: டி70-இன் 3008-க்கு 2000 படம் 6016-க்கு 4000 ஆகும். 2023-இல் வந்த டினாய்ஸ் வசதி ஐஎஸ்ஓ 1600 படத்தை அடையாளம் தெரியாத அளவுக்குச் சுத்தமாக்கும். டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் ப்யூர்ரா இதே வேலையைச் செய்கிறது. சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், உங்கள் கேமரா மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. இந்தக் கடைசி இரண்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே வெகுநேரம் காத்திருக்க நேரும்.

வேலையின் வரிசை

முதலில் நாய்ஸ், பிறகு மற்றதெல்லாம். ஷேடோவை ஏற்றிவிட்டு நாய்ஸை நீக்கப் போனால் நாய்ஸும் சேர்ந்து வளர்ந்திருக்கும். நாய்ஸில் இரண்டு வகை. பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது நிற நாய்ஸ். அதைத் தயங்காமல் முழுவதும் நீக்குங்கள். மணல் தூவினாற்போல் தெரிவது வெளிச்ச நாய்ஸ். அதில் கொஞ்சத்தை விட்டுவைக்க வேண்டும். முழுக்கத் துடைத்தால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகும், மரத்தின் இலைகள் பச்சைக் குழம்பாகும். தானேக்கு முந்தைய மரங்களை மீட்கிறோம் என்றால் இலை இலையாகவே இருக்க வேண்டும்.

அடுத்து வெளிச்சம். நெய்வேலிப் படங்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு: ஒரே சட்டத்துக்குள் குளிர்விப்புக் கோபுரத்தின் வெண்ணிற ஆவியும், கறுப்பை ஒட்டிய பழுப்பு நிலக்கரியும் வந்துவிடும். பழைய சென்சார்களால் இந்த இரண்டு எல்லைகளையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. ஆவிப் பகுதி வெடித்துப்போயிருந்தால் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் மூன்று நிறங்களில் பச்சை மட்டுமே நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பிலும் நீலத்திலும் விவரம் மிச்சமிருக்கும். நீராவிக்குத் தனி நிறம் இல்லை, மூன்று நிறமும் ஏறத்தாழச் சமம். எனவே மிச்சமுள்ள இரண்டைக் கொண்டு மூன்றாவதை மென்பொருள் நம்பகமாகவே மறுபடி கட்டும். ராதெரபியிலும் டார்க்டேபிளிலும் இதற்கு ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். லைட்ரூமில் ஹைலைட் ஸ்லைடரைக் கீழே இழுத்தால் தானே நடக்கும். இதே வித்தையை மாலை வானத்தின் செம்மையில் செய்தால் நிறம் பொய்யாகலாம். அங்கே அடக்கம் வேண்டும்.

இருட்டுப் பக்கம் வேறு கதை. நிலக்கரிச் சுவரில் அடுக்குகள் தெரியட்டும் என்று ஷேடோவை ஏற்றும்போது 2 ஸ்டாப்போடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பழைய சென்சாரில் ஊதாச் சாயலும் குறுக்குக் கோடுகளும் தலைகாட்டும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். பழுப்பு நிலக்கரி கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

பிறகு நிறம். நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண் செம்மஞ்சள். பழைய கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைப் பார்த்ததும் வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது என்று எண்ணி, படம் முழுவதையும் நீலத்துக்குத் தள்ளியிருக்கும். ராவில் இதைத் திருப்புவது ஒரு சொடுக்கு வேலை. படத்தில் சிமென்ட் சுவரோ, தார்ச்சாலையோ, வெள்ளைச் சட்டையோ இருந்தால் ஐட்ராப்பரை அங்கே வையுங்கள். மண்ணின் நிறம் தானாக வந்து உட்காரும்.

டீஹேஸ் ஸ்லைடர் பற்றி ஒரு சொல். தூரத்துப் புழுதியையும் வெயில் மங்கலையும் அது நீக்கும். 10, 15-க்கு மேல் ஏற்றினால் வானத்தில் நாய்ஸும் சென்சார் தூசியும் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அந்தப் புழுதியும் ஊரின் உண்மைதான், முழுவதையும் துடைக்க அவசியம் இல்லை.

சோடியம் விளக்கு இரவுகள்

அந்த ஆண்டுகளின் இரவுப் படங்களில் தெருவெல்லாம் ஆரஞ்சு. சோடியம் விளக்கின் கீழ் எடுத்தவை அவை. அந்த விளக்கில் நீல ஒளி மிகக் குறைவு. எனவே படத்தின் நீலச் சேனலில் விவரத்தைவிட நாய்ஸ்தான் அதிகம் இருக்கும். ஒயிட் பேலன்ஸை 2000 கெல்வினுக்கு இறக்கினால் ஆரஞ்சு கொஞ்சம் தணியும், ஆனால் பச்சைப் புடவை பச்சையாகத் திரும்பாது. அந்த நிறம் சென்சாருக்கு வந்து சேரவே இல்லை. இங்கே நான் உறுதியாகச் சொல்வது: கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது சேனல் மிக்ஸரில் நீலத்தைப் பூஜ்யமாக்கி, சிவப்பையும் பச்சையையும் மட்டும் கலந்தால், அதே ஃபைலிலிருந்து நாய்ஸ் குறைந்த, முகம் தெளிந்த ஒரு படம் கிடைக்கும். கோயில் திருவிழா, தெருமுனைக் கூட்டம், இரவு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்கள் என்று பலரும் பயனில்லை என்று ஒதுக்கிய படங்கள் இந்த ஒரு வழியில் பிழைத்துவிடும்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால்

அப்போதும் செய்ய வேலை இருக்கிறது, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. வானத்தில் தெரியும் சதுரத் திட்டுகள் அதனால் வருபவை. மூல ஃபைலைத் தொடாமல் நகல் எடுத்து, 16 பிட் டிஃப்பாக மாற்றி, அதில் வேலை செய்யுங்கள். ஜேபெக்காகவே திருப்பித் திருப்பிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு. நிற நாய்ஸை மென்மையாக நீக்கி, கடைசியில் மெல்லிய கிரெய்ன் சேர்த்தால் அச்சில் கட்டங்கள் மறையும்.

கேனன் பவர்ஷாட் வகைச் சின்னக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் போட்டால், ரா வசதியே இல்லாத பல மாடல்களும் ரா எடுக்கும். கார்டிலிருந்துதான் அது ஓடுகிறது, கேமராவின் உள் மென்பொருளை மாற்றுவதில்லை. இனி எடுக்கும் படங்களுக்குத்தான் இது உதவும்.

கற்பனை செய்யும் மென்பொருள்

இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் ஏராளம். இவற்றில் இரு வகை இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரா ஃபைலில் நாய்ஸை நீக்கி, இருக்கும் விவரத்தைத் தெளிவாக்குபவை ஒரு வகை. மங்கலான முகத்தைக் கொடுத்தால் புதிதாக ஒரு கண்ணையும் பல்வரிசையையும் வரைந்து தருபவை இன்னொரு வகை. இரண்டாவது வகை காட்டும் முகம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் அப்பாவின் முகம் அல்ல.

சோதித்துப் பார்க்க எளிய வழி தமிழ்ப் பலகை. கடைப் பெயரோ, டவுன்ஷிப் வட்டத்தின் எண்ணும் பெயரும் எழுதிய பலகையோ தூரத்தில் இருக்கும் ஒரு படத்தை அந்தச் செயலியில் கொடுங்கள். கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறி, எந்த மொழியிலும் சேராத கிறுக்கல் வந்தால், அதே படத்தில் உள்ள முகங்களையும் மரக்கிளைகளையும் அது அப்படித்தான் நிரப்பியிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். குடும்ப ஆல்பத்துக்கும் ஊரின் வரலாற்றுக்கும் வைக்கப்போகும் படத்தில் முகத்தை வரையும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் திட்டவட்டமான கருத்து. மங்கலான நிஜ முகம் போதும்.

கேமராவையே மறுபடி கையில் எடுத்தால்

பேட்டரி செத்திருக்கும். டி70-க்கான இஎன்-இஎல்3, 300டிக்கான பிபி-511 இரண்டுக்கும் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுகள் இன்றும் கிடைக்கின்றன. கார்டில்தான் பலர் தடுமாறுவார்கள். எஸ்டிஎச்சி வகைக் கார்டு 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எஸ்டி கேமராக்களுக்கு 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டுதான் ஒத்துவரும். 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

எடுக்கும்போது மிக முக்கியமான பழக்கம்: வெளிச்சப் பகுதி வெடிக்காமல் பாருங்கள். மைனஸ் 0.7 அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தால், இருட்டை இன்றைய டினாய்ஸ் தூக்கிவிடும். முழுதாக வெடித்த வானத்தை யாராலும் தூக்க முடியாது. ராவில் எடுங்கள். ஐஎஸ்ஓவைக் கேமராவின் குறைந்தபட்ச அளவில் வையுங்கள். டி70-இல் அது 200. அப்படி எடுத்த 6 மெகாபிக்சல் படம் இன்றும் தலைகுனிய வேண்டியதில்லை.

அசையாத காட்சி என்றால் கேமராவை அசைக்காமல் ஒரே காட்சியை 4 முறை எடுத்து, ஹக்கின் என்ற இலவச மென்பொருளோடு வரும் கருவியால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுங்கள். நாய்ஸ் பாதியாகும். 16 முறை எடுத்தால் கால்வாசியாகும். அகன்ற காட்சிக்கு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தாறு படங்கள் எடுத்து அதே ஹக்கினில் ஒட்டினால், 6 மெகாபிக்சல் கேமராவே 20 மெகாபிக்சலைத் தாண்டும். புத்தகக் கண்காட்சியின் கடை வரிசை போன்ற ஆள் நடமாடும் இடத்தில் இது சரிவராது. ஆளில்லாத விடியற்காலைச் சாலைக்கு மிகப் பொருத்தம்.

நெய்வேலி வெயில் இன்னொரு செய்தி. சென்சாரின் வெப்பம் 6 முதல் 8 டிகிரி உயர்ந்தால் அதன் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அக்னி நட்சத்திர நாளில் காருக்குள் கிடந்த கேமராவை இரவில் நீண்ட எக்ஸ்போஷருக்கு எடுத்தால் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னும். கேமரா ஆறட்டும். அப்படியும் புள்ளி வந்தால், லென்ஸை மூடி அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து, ராதெரபியின் டார்க் ஃபிரேம் பகுதியில் கொடுங்கள். புள்ளிகளைக் கழித்துத் தரும்.

பழைய சிசிடி நிக்கான்களுக்கு ஒரு பெருமை உண்டு. டி70, டி50, டி40 மூன்றும் ஃபிளாஷோடு நொடிக்கு 500-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கும். அதைவிட விலை உயர்ந்த பல புதிய கேமராக்கள் 200-இல், 250-இல் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. உச்சி வெயிலில் மர நிழலில் நிற்பவரின் முகத்துக்கு ஃபிளாஷ் கொடுத்து, பின்னால் உள்ள வெளிச்சத்தையும் அடக்க இது அருமையான வசதி. அதே டி70-இல் பட்டுப்புடவையின் நெசவு போன்ற நுண்ணிய கோடுகளில் வானவில் நெளிவு வரும். மாயிரே எனப்படும் இந்த நெளிவை நீக்க லைட்ரூமில் உள்ள பிரஷ் கொண்டு அந்த இடத்தை மட்டும் தடவினால் போகும்.

சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் எடுக்க நினைப்பவர்கள் அவற்றை நடத்தும் என்எல்சி நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள இடங்கள் அவை.

அச்சும் சேமிப்பும்

3008 பிக்சல் நீளம், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 10 அங்குல அச்சுக்குச் சரியாகப் போதும். ஆல்பம் லேபுகளில் வழக்கமாக உள்ள 12-க்கு 18 அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 167-தான் வரும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அதுவே தாங்கும். சூப்பர் ரெசல்யூஷன் செய்தால் 334 ஆகிவிடும், கிட்டப் பார்வைக்கும் குறை தெரியாது. அச்சுக்கு முன் ஒரு மூலையைச் சின்ன அளவில் சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சேமிக்கும்போது மூல ரா, நீங்கள் திருத்திய 16 பிட் டிஃப், இரண்டையும் வையுங்கள். பத்தாண்டு கழித்து இன்னும் மேலான மென்பொருள் வரும்போது மூலம்தான் உதவும். கேமராவின் கடிகாரம் பேட்டரி தீர்ந்து தப்பான தேதியைப் பதிந்திருக்கலாம். எனவே ஆண்டு, வட்டத்தின் எண், தெரு, படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு மெட்டாடேட்டாவில் தமிழிலேயே எழுதுங்கள். வீட்டில் எழுதிய சிடிகளின் சாயப்படலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும் தன்மை உடையது, சிடி டிரைவ் உள்ள கணினிகளும் குறைந்துவருகின்றன. திருத்தும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். சிடிகளில் இருப்பதை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் நகலெடுக்கும் வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.